வீட்டுப் பூனை காணாமல் போனால் எங்கே, எப்படித் தேடுவது?

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் வரிசை வீடு ஒன்றில் இருக்கிறோம். வெளியே விடாமல் வளர்த்த பூனை முந்தாநாள் இரவு கதவு திறந்திருந்த நேரம் பார்த்து ஓடிவிட்டது. பெயரைச் சொல்லித் தெருத் தெருவாகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டோம். இனி எங்கே போய்த் தேடுவது?

பதில்:

எங்கேயும் போகாதீர்கள். அது பெரும்பாலும் உங்கள் வீட்டிலிருந்து நாலைந்து வீடுகளுக்குள்தான் ஒடுங்கிக் கிடக்கும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. காணாமல் போன 1,210 பூனைகளைப் பற்றி அவற்றை வளர்த்தவர்களிடம் விசாரித்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. கிடைத்த பூனைகளில் பாதி, தொலைந்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளேயே இருந்தன. முக்கால்வாசி 500 மீட்டருக்குள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவை இன்னும் பக்கத்தில். நேரில் இறங்கித் தேடியவர்களுக்குப் பூனை கிடைக்கும் வாய்ப்பு கூடியது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது.

பக்கத்தில்தான் இருக்கிறது என்றால் கூப்பிட்டபோது ஏன் வரவில்லை? வெளியுலகம் பார்க்காத பூனைக்குத் தெரு முழுவதும் வேறு பூனைகளின் எல்லை. குரல் கொடுத்தால் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்ற பயத்தில் வாயே திறக்காது. சொந்தக்காரர் இரண்டடி தூரத்தில் நின்று அழுதாலும் அப்படித்தான். ஆகவே, பதில் வரவில்லை என்பதற்காக ஓர் இடத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடாதீர்கள். கூப்பிடுவதை விட்டுவிட்டுக் குனிந்து பாருங்கள்.

சீனப் புத்தாண்டின் எட்டாம் இரவு, ஹொக்கியன் சீனர்கள் விண்ணுலகக் கடவுளான தீ கொங்கின் வழிபாட்டைத் தொடங்கும் நள்ளிரவில் பினாங்கு எப்படி அதிரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெடிச் சத்தத்தில்தான் எங்கள் வீட்டுப் பூனை 'கோப்பி' சமையலறை ஜன்னல் வழியே பாய்ந்து ஓடியது. என் மைத்துனர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டத்தோ கெராமாட் சாலை வரை போய் மாமாக் கடைகளிலெல்லாம் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகள்) விசாரித்தார். "அது என்ன ரொட்டி சானாய் சாப்பிடவா போயிருக்கும்?" என்று அம்மா கேட்டார். கடைசியில் கிடைத்தது இரண்டு வீடு தள்ளி, சீன ஆன்ட்டி ஒருவரின் பின்கட்டில், ஓடாத பழைய சலவை இயந்திரத்துக்குப் பின்னால். பகலில் அவரே எட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்றுதான் சொல்லியிருந்தார். இரவில் டார்ச் அடித்தபோது முதலில் தெரிந்தவை இரண்டு பச்சைப் புள்ளிகள். பிறகுதான் மீசை முழுக்க ஒட்டடையோடு முகம் தெரிந்தது. பெயரைச் சொன்னேன். ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. 'மியாவ்' என்று ஒரு சத்தம்? கிடையாது.

டார்ச்சை இடுப்பளவில் பிடிக்காமல் உங்கள் கண்ணை ஒட்டிப் பிடியுங்கள். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு படலம், ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். விளக்கும் உங்கள் கண்ணும் ஒரே கோட்டில் இருந்தால்தான் அந்த மினுக்கம் தெரியும். நடமாட்டம் அடங்கிய நள்ளிரவுக்குப் பிறகு தேடுங்கள்.

அக்கம்பக்கத்தாரிடம் "பூனையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "உள்ளே வந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். சாமான் அறை, படிக்கட்டின் அடி, ஏர்கான் வெளிப்பெட்டியின் பின்புறம், காரின் அடி, பின்சந்தில் சிமெண்ட் பலகை போட்டு மூடிய லோங்காங் (சாக்கடை) என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காரை எடுப்பதற்கு முன் பானெட்டைத் தட்டச் சொல்லுங்கள். தெருவில் பூனைகளுக்குச் சோறு வைக்கும் மாக்சிக் (மலாய் அம்மா) ஒருவராவது இருப்பார். புதுப் பூனை எது, பழைய பூனை எது என்று அவருக்குத்தான் தெரியும்.

சாப்பாட்டை இரவு முழுவதும் வெளியே வைக்க வேண்டாம். எலி வரும், சாக்கடை உடும்பு வரும், தெருக் கடுவன்கள் வந்து உங்கள் பூனையை இன்னும் உள்ளே விரட்டும். நெத்திலியை வெறும் சட்டியில் வறுத்து, கையில் வைத்துக்கொண்டு பின்சந்தில் உட்காருங்கள். பூனை மலம் கழிக்கும் மணல் தட்டை வாசலில் வைத்தால் வாசனை பிடித்து வரும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உங்கள் பூனைக்கு எட்டுவதற்கு முன் மற்றக் கடுவன்களுக்கு அந்த வாசனை எட்டிவிடும்.

அறிவிப்பை மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் எழுதுங்கள். படம் பெரிதாக இருக்கட்டும். விளக்குக் கம்பத்தில் ஒட்டினால் கிழித்துவிடுவார்கள். அனுமதி கேட்டுக் கடைகளிலும் கால்நடை மருத்துவரிடமும் ஒட்டுங்கள். ஓர் அடையாளத்தை மட்டும் எழுதாமல் வைத்துக்கொள்ளுங்கள், வாலின் நுனி நிறம் போல எதையாவது. "பூனை என்னிடம் இருக்கிறது, முதலில் பணம் அனுப்பு" என்று எவனாவது அழைத்தால் அதைக் கேளுங்கள். பதில் தெரியாதவன் போனை வைத்துவிடுவான்.

ஜெத்தி சாலையில் இருக்கும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் (எஸ்.பி.சி.ஏ.) உங்களுக்குப் பக்கம்தான். தொலைபேசியில் விசாரிப்பதோடு நிற்காமல் நேரில் போய்ப் பாருங்கள். "வெள்ளையும் கறுப்புமாக ஒரு பூனை" என்ற வர்ணனையை வைத்துக்கொண்டு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நுண்சில்லு பொருத்தியிருந்தால் எண்ணைக் கொண்டு போங்கள். அந்தச் சில்லு பூனை இருக்கும் இடத்தைக் காட்டாது, யாராவது கருவி வைத்துப் படித்தால்தான் உங்கள் பெயர் தெரியும்.

கண்டுபிடித்தவுடன் பாய்ந்து பிடிக்காதீர்கள். தரையில் உட்கார்ந்து, பார்வையைத் திருப்பிக்கொண்டு, மெதுவாகப் பேசுங்கள். பெரிய துண்டும் மூடியுள்ள கூடையும் கையோடு இருக்கட்டும். இன்று இரவு மழை இல்லையென்றால் மூன்று மணிக்கு எழுந்து பின்சந்திலிருந்து தொடங்குங்கள்.