வாக்குச்சீட்டை அச்சிடும் முன்பே

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறிய பிரெக்ஸிட் பற்றிய கட்டுரையில், அப்போதைய பிரதமர் டேவிட் கேமரூனைக் கடுமையாகச் சாடியிருந்தீர்கள். தான் நம்பாத ஒன்றைச் செய்ய மனமில்லாமல் பதவி விலகியது நேர்மைதானே? அவருக்குப் பின் பிரதமரான தெரசா மேயும் வெளியேறக் கூடாது என்ற பக்கம் நின்றவர்தான். ஆனால் அதையே நிறைவேற்றுகிறேன் என்று மூன்றாண்டுகள் நாட்டை இழுத்தடித்தார். எனக்கு கேமரூன்தான் மேலாகத் தெரிகிறார்.

ச., திருச்சி

அன்புள்ள ச.,

நேர்மை என்ற சொல்லை அவ்வளவு எளிதாகக் கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

2016 வாக்கெடுப்புக்கு முன் பிரிட்டனில் வீடுவீடாக அரசின் துண்டறிக்கை ஒன்று போய்ச் சேர்ந்தது. ‘இது உங்கள் முடிவு. நீங்கள் முடிவு செய்வதை அரசு நிறைவேற்றும்’ என்று அதில் அச்சாகியிருந்தது. சட்டப்படி அந்த வாக்கெடுப்பு வெறும் ஆலோசனைதான். அரசைக் கட்டுப்படுத்தும் பிரிவு எதுவும் அதற்கான சட்டத்தில் இல்லை. ஆகவே மக்களுக்கு இருந்த ஒரே பிடிமானம் அந்த வாக்குறுதி. முடிவு எதுவானாலும் பதவியில் நீடிப்பேன் என்றும் கேமரூன் சொல்லியிருந்தார். ஜூன் 23 அன்று வாக்கெடுப்பு. 51.9 சதவீதம் பேர் வெளியேறுவோம் என்றார்கள். மறுநாள் காலையே விலகலை அறிவித்துவிட்டார்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். தோற்ற தலைவருக்குப் பேரம் பேசும் வலு இருக்காது என்பது உண்மை. என்னால் மன்னிக்க முடியாதது அதற்கு முந்தைய காரியம். வெளியேறும் முடிவு வந்தால் என்ன செய்வது என்று திட்டமிடவே அரசுத் துறைகளுக்கு அவர் அனுமதி தரவில்லை. நிதிச் சந்தை நிலைகுலையாமல் பார்த்துக்கொள்வதற்கு மட்டும் ஏற்பாடு இருந்தது. நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழு இதைப் படுமோசமான அலட்சியம் என்றே கண்டித்தது. வாக்குச்சீட்டில் இரண்டு கட்டங்கள்: நீடிப்பது, வெளியேறுவது. இரண்டாவதில் பேனா வைத்தால், உறுப்பு நாடுகளுக்குள் சுங்க வரி இல்லாத சுங்க ஒன்றியம் என்ன ஆகும், பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்துக்கும் தனி நாடான அயர்லாந்துக்கும் நடுவே சோதனைச் சாவடி இல்லாமல் கிடக்கும் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை என்ன ஆகும்? சீட்டை அச்சிட்டவரிடமே விடை இல்லை. கேள்வி கேட்பவர், வரக்கூடிய இரண்டு விடைகளுக்கும் தயாராக இருந்தாக வேண்டும். ஒன்றுக்கு மட்டும் தயாராக இருந்துகொண்டு மக்களைக் கேட்பது அவர்களை மதிப்பதாகாது.

மேயிடமும் குறைகள் உண்டு. 48 சதவீதம் பேர் மறுபக்கம் நின்றதை மறந்து, சரக்கும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் ஐரோப்பிய ஒற்றைச் சந்தையிலிருந்தும் வெளியேறுவோம் என்று 2017 ஜனவரியிலேயே கோடு கிழித்துவிட்டார். எதிர்க்கட்சியை அழைத்துப் பேச 2019 ஏப்ரல் வரை காத்திருந்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. நாடு இழுபட்டதில் அவருக்குப் பங்கில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனாலும் அந்த 2019 ஜனவரி 15-ஐ நினைத்துப் பாருங்கள். வெளியேறுவதற்காக ஐரோப்பிய ஒன்றியத்துடன் அவர் பேசி முடித்த ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தில் ஆதரவு 202, எதிர்ப்பு 432. எதிர்த்தவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் சொந்தக் கட்சிக்காரர்கள். அன்றே அவர் விலகியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மார்ச்சில் மறுபடி கொண்டுவந்தார், மறுபடி தோற்றார். பிறகு தன் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கூட்டி, இந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றிக் கொடுங்கள், அடுத்த கட்டப் பேச்சுக்கு முன் நான் போய்விடுகிறேன் என்றார். தான் வாக்களிக்காத ஒரு முடிவுக்காகத் தன் பதவியையே விலையாக வைத்தார். இரண்டு நாள் கழித்து, மார்ச் 29 அன்று, 58 வாக்குகளில் மூன்றாம் முறையும் தோற்றார்.