மே மாதத்தில் டென்வர் பனி: கேட்டவையும் பதிலும்

வெள்ளிக்கிழமை கோல்ட் ஃப்ரண்ட் (குளிர்காற்றுத் திரளின் முன்முனை) இறங்கும், சனிக்கிழமை பனி கொட்டும் என்று முன்னறிவிப்பு வந்ததிலிருந்து அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் வட்டாரத்திலும் வெளியேயும் உள்ள நம்மவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ. டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்தான்.

கேள்வி (அரோரா): அண்ணா, இன்று வெயில் 84 டிகிரி. பிள்ளைகள் வாசலில் தண்ணீர் பீய்ச்சி விளையாடுகிறார்கள். நாளை மறுநாள் பனி என்றால் நம்பவா?

பதில்: தாராளமாக நம்புங்கள். 2022 மே 19 அன்று டென்வரில் வெயில் 90-ஐ நெருங்கியது. மறுநாள் இரவு பனி!

நமக்கு மேற்கே நிற்கும் ராக்கி மலைதான் காரணம். கனடாவிலிருந்து கிளம்பும் குளிர்காற்று கனமானது, தரையை ஒட்டியே வரும். மலையேறித் தாண்ட அதற்குத் திராணி கிடையாது. அடிவாரத்தை அணைத்தபடி தெற்கே வழிந்து வந்துவிடும். வரும் வழியில் குறுக்கே மறிக்க ஒன்றுமில்லை. வந்து சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் 20, 30 டிகிரிகூட இறங்கலாம்.

குளிர் மட்டும் வந்தால் பனி விழாது, ஈரமும் வேண்டும். கிழக்கே கான்சாஸ் எல்லையில் தரை சுமார் 4,000 அடி உயரம், டென்வர் 5,280 அடி. கிழக்கிலிருந்து வீசும் காற்று இந்தச் சரிவில் ஏற ஏறக் குளிர்ந்து, மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து வந்த ஈரத்தை இங்கே கொட்டிவிடும். அதனால் நான் டிகிரியைப் பார்ப்பதற்கு முன் காற்றின் திசையைப் பார்ப்பேன். வடமேற்கு என்றால் பெரும்பாலும் வறண்ட குளிரோடு போய்விடும். கிழக்கு, வடகிழக்கு என்றால் பழைய போர்வைகளைத் தேடி எடுத்து வையுங்கள்.

கேள்வி (பார்க்கர்): சனிக்கிழமை இரவு மட்டும் செடிகளை மூடினால் போதும்தானே? ஞாயிறு வெயில் என்று போட்டிருக்கிறது.

பதில்: இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பனி விழும் இரவில் வானம் மூடியிருக்கும். தரையின் சூட்டை மேகம் வெளியே விடாது. வெப்பநிலை, தண்ணீர் உறையும் 32-ஐ ஒட்டியே நிற்கும். மேகம் கலைந்து, காற்றும் அடங்கி, தரையில் வெள்ளை கிடக்கிற அடுத்த இரவுதான் ஆபத்து. சூடெல்லாம் வானத்துக்குப் போய், விடியும் நேரத்தில் 27, 28 வரைகூட இறங்கும். ஞாயிறு பகல் வெயிலைப் பார்த்துப் போர்வையை மடித்து வைத்தவர்கள் திங்கள் காலை கருகிய தக்காளியைத்தான் பார்ப்பார்கள்.

பகலில் திறந்து விடுங்கள், சூரியன் விழுவதற்குள் மறுபடி மூடுங்கள். துணி தரைவரை தொங்க வேண்டும். செடிக்குக் கதகதப்பு மண்ணிலிருந்துதான் வருகிறது. பிளாஸ்டிக் ஷீட் என்றால் இலையில் படக்கூடாது, பட்ட இடம் அப்படியே வெந்ததுபோல் ஆகிவிடும்.

கேள்வி (சென்டெனியல், மகள் வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு அம்மா): தம்பி, கறிவேப்பிலைத் தொட்டியைப் போன வாரம்தான் வெளியே வைத்தோம். துளிர் விட்டிருக்கிறது. போர்வை போட்டால் தாங்குமா?

பதில்: வேண்டாம்மா, உள்ளே எடுத்துவிடுங்கள். கறிவேப்பிலைக்கு 40 டிகிரிக்குக் கீழே போனாலே ஆகாது. மல்லிகையும் முருங்கையும் அப்படித்தான். கராஜில் வைத்தாலும் போதும், கதவை மட்டும் அடிக்கடி திறக்க வேண்டாம். கொத்தமல்லி, வெந்தயக்கீரை பற்றிக் கவலைப்படாதீர்கள். லேசான உறைபனியை அவை தாங்கும்.

கேள்வி (ஃபோர்ட் காலின்ஸ்): ஸ்பிரிங்ளரை ஏற்கெனவே திறந்துவிட்டேன். திரும்ப மூட வேண்டுமா?

பதில்: மண்ணுக்குள் இருக்கும் குழாய்க்கு ஒன்றும் ஆகாது, மே மாதத்து மண்ணில் சூடு இருக்கிறது. வீட்டுச் சுவரோரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாயும் அதன் மேலுள்ள பித்தளை வால்வும்தான் வெடிக்கும். வீட்டுக்குள் வரும் இணைப்பை மூடி, வெளியில் உள்ள சின்னக் குழாயைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். நேரமில்லையா, பழைய துண்டைச் சுற்றி மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டுங்கள்.

கேள்வி (லிட்டில்டன்): வாசலில் பெரிய மேப்பிள் மரம், முழுக்க இலை. காருக்கு ஆபத்தா?

பதில்: காரை நகர்த்திவிடுங்கள். ஜனவரிப் பனி பொடி, இலையில்லாத கிளையிலிருந்து சரிந்துவிடும். மே மாதப் பனி ஈரமாக ஒட்டும். ஒவ்வொரு இலையும் ஒரு தட்டுபோல் அதைத் தாங்கி நிற்கும். பெய்யும்போதே இரண்டு மூன்று தடவை நீண்ட துடைப்பத்தால் தாழ்ந்த கிளைகளைக் கீழிருந்து மேலாகத் தட்டிவிடுங்கள். மேலிருந்து அடித்தால் நீங்களே ஒடித்துவிடுவீர்கள். உறைந்துபோன கிளையைத் தொடவே வேண்டாம். முறிந்த கிளை மின்கம்பி மேல் கிடந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

கேள்வி (காசில் ராக்): எங்களுக்கு மட்டும் ஏன் எப்போதும் கூடுதல் பனி?

பதில்: நீங்கள் டென்வரைவிட ஏறக்குறைய ஆயிரம் அடி மேலே, பால்மர் மேட்டின் சரிவில் இருக்கிறீர்கள். டென்வரில் மழையாக விழுவது உங்களிடம் பனியாக விழும்.

கேள்வி (அரோரா): சனிக்கிழமை ஐ-70 நெடுஞ்சாலையில் மலைக்குப் போகத் திட்டம். கோடை டயர்தான் போட்டிருக்கிறது.

பதில்: தள்ளிப் போடுங்கள். அந்தச் சாலையில் மாரிசன் முதல் டாட்செரோ வரை, பனிக்கேற்ற டயர் விதி மே 31 வரை நடப்பில் இருக்கிறது. விதியை விடுங்கள், 45 டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் இறுகிவிடும், பிரேக் பிடிக்காது.

கேள்வி (கிராண்ட் ஜங்ஷன்): பாலிசேட் ஊரின் பீச் பழத் தோட்டங்களில் நிற்கும் அந்தப் பெரிய விசிறிகள் உறைபனியைத் தடுக்கத்தானா?

பதில்: இதற்கேதான். காற்றில்லாத, தெளிந்த இரவில் குளிர் தரையோரம் தேங்கும். முப்பது நாற்பது அடி மேலே கொஞ்சம் சூடு இருக்கும். அதை இழுத்துக் கீழே கலக்குவதுதான் விசிறியின் வேலை. முழுதாகப் பூத்திருக்கும் பீச் மரத்தில் 27 டிகிரியில் பத்தில் ஒரு பங்கு பூ போகும், 24-இல் பத்தில் ஒன்பது போகும். மூன்றே டிகிரிக்குள் ஒரு வருட வரும்படி! 2020 ஏப்ரல் குளிரில் விசிறி வைத்திருந்தும் பெரும் பங்கை இழந்தார்கள். குளிரே மேலிருந்து கீழ்வரை நிரம்பி வந்தால் விசிறி எந்தச் சூட்டைக் கலக்கும்?

கேள்வி (பார்க்கர்): உலகமே சூடாகிறது என்கிறார்கள், பிறகு இதென்ன?

பதில்: சூடாவதால் உறைபனி அடியோடு நின்றுவிடாது. வசந்தம் முந்திக்கொண்டு வந்தால் மரமும் முந்திப் பூக்கிறது. பிறகு வழக்கமாக வருகிற குளிரே வந்தாலும், மாட்டுவது குளிரைத் தாங்கும் மொட்டல்ல, தாங்காத பூ.

கேள்வி (லவ்லேண்ட்): அன்னையர் தினம் தாண்டிவிட்டால் தக்காளி நடலாம் என்கிறாரே பக்கத்து வீட்டுக்காரர்?

பதில்: 2022-இல் அன்னையர் தினம் மே 8. பனி வந்தது மே 20-இல். நாற்றை இப்போதே வாங்குங்கள், கடையில் நல்லவை தீர்ந்துவிடும். ஆனால் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று வைத்துப் பழக்குங்கள். பத்து நாள் முன்னறிவிப்பில் இரவு வெப்பநிலை 50-ஐ ஒட்டி நிற்கும்போது நட்டால் போதும். அதற்கு முன் நட்ட செடி பிழைத்தாலும் குளிர்மண்ணில் சும்மாதான் நிற்கும்.