ஆரஞ்சும் நாரத்தையும்

கேள்வி: ‘ஆரஞ்சு’ என்னும் சொல்லுக்கும் நம் நாரத்தைக்கும் உறவு உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. ‘நாரங்க’ என்னும் வடமொழிச் சொல் பாரசீகத்தில் ‘நாரங்’ என்றும் அரபியில் ‘நாரஞ்ச்’ என்றும் வழங்கி, ஸ்பானிய மொழியில் ‘நரன்ஹா’ ஆயிற்று. இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் முதலில் நின்ற ‘ந’ என்னும் எழுத்தொலி, ‘ஒரு’ எனப் பொருள்படும் முன்சொல்லின் ஈற்றோடு கலந்து மறைந்தமையால், ‘அரஞ்சா’, ‘ஒராஞ்ச்’ எனத் திரிந்து ஆங்கிலத்தை அடைந்தது. அந்த வடமொழிச் சொல்லே திராவிட மொழிகளிலிருந்து சென்றது என்று மொழியியலார் பலர் கருதுகின்றனர். நாரத்தையையும் மலையாளத்து ‘நாரங்ங’யையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அரபியில் இன்னொரு வியப்பும் உண்டு. புளிப்பு வகைக்கு ‘நாரஞ்ச்’ என்ற பழம்பெயரே நிற்க, போர்த்துகீசிய வணிகரால் பரவிய இனிப்பு வகை, அவர்கள் நாட்டின் பெயரால் ‘புர்துகால்’ எனப்படுகிறது. கிரேக்கரும் அதைப் ‘போர்தொகாலி’ என்றே அழைக்கின்றனர்.