அலைக்குளம், சறுக்கு, குளோரின்: வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறையில் வாட்டர் பார்க் போகத் திட்டமிடுபவர்கள் சேலம் மாவட்டத்திலிருந்து எழுதிக் கேட்டவற்றில் சில.

கேள்வி: கடற்கரை மாதிரி அமைத்த பார்க்குகளில் அலை எப்படி வருகிறது? கொஞ்ச நேரம் அடித்துவிட்டு ஏன் நின்றுவிடுகிறது? ஆறு வயது மகளை எந்த இடத்தில் நிறுத்தலாம்?
– ஒரு வாசகி, அம்மாபேட்டை

பதில்: ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் வரிசையாகக் கான்கிரீட் அறைகள் இருக்கும். ப்ளோயர்கள் என்னும் பெரிய காற்றடிக்கும் எந்திரங்கள் அந்த அறைகளுக்குள் காற்றைத் தள்ளும்போது உள்ளிருக்கும் தண்ணீர் அழுந்தி, சுவரின் அடியில் உள்ள திறப்பு வழியாகக் குளத்துக்குள் பாயும். காற்றை வெளியே விட்டால் தண்ணீர் மறுபடி அறைக்குள் ஏறும். இது சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறி மாறி நடப்பதுதான் அலை. எல்லா அறைகளும் சேர்ந்து அழுத்தினால் நேர் அலை, ஒன்றுவிட்டு ஒன்று அழுத்தினால் குறுக்கு அலை.

கடலே இல்லாத ஊருக்கு அலையைக் கொண்டுவரும் வேலை புதிதல்ல. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் டெம்பே நகரில் 1969-லேயே பிக் சர்ஃப் திறக்கப்பட்டது. அங்கே தண்ணீரை உயரத்தில் தேக்கி, மதகைத் திறந்து ஒரே மூச்சில் விட்டார்கள். ஃப்ளோரிடாவில் 1989-ல் வந்த டைஃபூன் லகூனின் பெரிய அலைக்கும் இதே மாதிரி ஏற்பாடுதான். புயலில் அடித்துவரப்பட்டு மலையுச்சியில் சிக்கிக்கொண்ட படகு அங்கே அலங்காரம்.

தரை மெல்ல மேலேறி வருவதால்தான் அலை உடைகிறது. ஆறடி ஆழத்தில் அலை மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஓரடி ஆழத்துக்கு வரும்போது 6 கிலோமீட்டராகிவிடும். முன்பகுதி தயங்க, பின்பகுதி நெருக்க, அலை உயர்ந்து கவிழும். குழந்தைகள் விழுவது அந்த இடத்தில்தான். இடுப்பளவுத் தண்ணீர் என்று நம்பி நிறுத்தினால், அலை வரும்போது அது கழுத்தளவாகும். ஆறு வயதுக் குழந்தைக்கு, அலை உடைந்து நுரையாக வந்து சேரும் முழங்கால் ஆழமே போதும். நீங்கள் கை நீட்டினால் தொடும் தூரத்தில், அலையைப் பார்த்தபடி நில்லுங்கள். பக்கச் சுவரை ஒட்டி நிற்காதீர்கள்; அலை மோதித் திரும்பும்போது தலை சுவரில் இடிக்கும். கூட்டமாக டியூப்கள் மிதக்கும் இடமும் ஆகாது. டியூபுக்கு அடியில் போன குழந்தை லைஃப் கார்டின் கண்ணுக்குத் தெரியாது.

அலையை நிறுத்துவதற்கு மின்செலவும் ஒரு காரணம். அதைவிட முக்கியம், களைத்துப்போனவர்கள் கரையேற நேரம் வேண்டும். லைஃப் கார்டுகள் அசையாத தண்ணீரில் அடித்தரை வரை பார்க்க வேண்டும். அலை நின்றதற்கான மணி அடித்ததும் "இன்னும் ஒரு தடவை" என்று உள்ளே ஓடாதீர்கள்.

கேள்வி: நைலான் உடை வேண்டும், கொலுசைக் கழற்று என்கிறார்கள். சுடிதாரோடு போனால் என்ன தப்பு?
– ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: பார்க்கில் இப்படிக் கேட்பது சரியான காரணத்துக்குத்தான். நனைந்த பருத்தி கனமாகி உடம்போடு ஒட்டும். சறுக்கில் உராய்வு கூடி நடுவழியில் நிற்க நேரும், தோலும் சிராயும். பிரிந்து வரும் நூலும் சாயமும் ஃபில்டருக்குப் போகும். துப்பட்டா, நாடா, புடவைத் தலைப்பு மூன்றும் கழுத்திலோ டியூப் கைப்பிடியிலோ சுற்றிக்கொள்ளக்கூடியவை. ஜீன்ஸ் பட்டன், ஜிப், கொலுசின் சலங்கை எல்லாம் ஃபைபர் சறுக்கின் மேற்பூச்சைக் கீறிவிடும். அந்தக் கீறல் அடுத்து வருபவரின் முதுகைக் கிழிக்கும். உடல் மறைய வேண்டுமானால் நைலான் அல்லது பாலியெஸ்டர்-லைக்ரா துணியில் முழுக்கை மேல்சட்டையும் கணுக்கால்வரை லெக்கிங்ஸும் போடுங்கள். பெரும்பாலான சறுக்குகளில் தடை சொல்ல மாட்டார்கள். கொலுசு, மெட்டி, ஊக்கு, ஹேர்பின் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

கேள்வி: சறுக்கில் பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? கையை மார்பில் கட்டு, காலைப் பின்னு என்று எதற்குச் சொல்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், ஆத்தூர்

பதில்: நின்றால் எழுந்திருக்காதீர்கள். மல்லாந்து படுத்து, உள்ளங்கையால் தரையைத் தள்ளுங்கள். உங்களுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரே நகர்த்திவிடும். எழுந்து நின்றவர் வழுக்கித் தலையில் அடிபடுவதுதான் வழக்கமான விபத்து.

10 மீட்டர் உயரத்திலிருந்து உராய்வே இல்லாமல் இறங்கினால் கீழே வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர்; 20 மீட்டரில் 71. உராய்வு கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். இந்த வேகத்தில் விரித்த கை விளிம்பில் பட்டால் முழங்கை உடையலாம். கால் அகன்றிருந்தால் கீழே தண்ணீர் உள்ளே பீய்ச்சி உட்காயம் ஏற்படுத்தும். ஆகவே கணுக்காலைப் பின்னிக்கொள்ளச் சொல்கிறார்கள். கனமானவர் வளைவில் சுவரின் மேலே அதிகம் ஏறுவார், அதனால் எடைக்கு வரம்பு. உயரத்துக்கும் வரம்பு உண்டு, பல சறுக்குகளில் 120 சென்டிமீட்டர். பலருக்கான டியூபில் எல்லாக் கனத்தையும் ஒரே பக்கம் வைக்காதீர்கள். கர்ப்பிணிகள், இதய நோய், வலிப்பு, முதுகெலும்புப் பிரச்சினை உள்ளவர்கள் ஏறவே கூடாது.

கேள்வி: திரும்பி வந்தபின் கண் எரிகிறது. குளோரினை அளவுக்கு மீறிக் கொட்டுகிறார்களா?
– ஒரு வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: பெரும்பாலும் நேர் எதிர். வியர்வை, சிறுநீர், தேங்காய் எண்ணெய் எல்லாம் குளோரினோடு சேர்ந்து குளோரமைன் உண்டாகிறது. மூக்கில் ஏறும் அந்த வாடையும் கண் எரிச்சலும் அதனுடையவை. நல்ல குளத்தில் வாடை லேசாகத்தான் இருக்கும். இறங்குமுன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றாலே பெரும்பகுதி அழுக்கு போய்விடும். இதை எல்லோரும் செய்தால் அந்த எரிச்சல் குறையும். பேதி உள்ள குழந்தையை அழைத்துப் போகாதீர்கள், அது நின்று இரண்டு வாரம் ஆகும் வரையிலும்தான். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி சாதாரணக் குளோரின் அளவில் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும்.

கேள்வி: ஏற்காடு அடிவாரத்தில் சிறிய விடுதி நடத்துகிறோம். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில், கரையில் தொடங்கி 1.2 மீட்டர் ஆழம் வரை சரியும் கடற்கரைக் குளம் கட்டலாமா? ஓரத்தில் மணல் போடலாமா?
– ஒரு வாசகர், அயோத்தியாப்பட்டணம்

பதில்: சராசரி ஆழம் 0.6 மீட்டர், ஆக 1,20,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் பத்து நடை. கோடையில் நாளுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் ஆவியானால் 1,200 முதல் 1,600 லிட்டர் ஈடுகட்ட வேண்டும். ஃபில்டரைத் திருப்பிக் கழுவும் தண்ணீர் தனி. ஆழம் குறைந்த குளம் சீக்கிரம் அழுக்காகும். இரண்டு மணி நேரத்தில் முழுத் தண்ணீரும் ஃபில்டரைத் தாண்ட, மணிக்கு 60,000 லிட்டர் தள்ளும் பம்ப் வேண்டும்.

குளோரினை 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு ஒரு பிபிஎம்), பிஎச் என்ற அமில-கார அளவை 7.2 முதல் 7.8-க்குள் வையுங்கள். உங்கள் குளத்தில் 1 பிபிஎம் ஏற்ற 120 கிராம் குளோரின் தேவை. அது 30 சதவீத பிளீச்சிங் பவுடரில் 400 கிராம், 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் சுமார் 1.2 கிலோ. சேலத்து போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. பிளீச்சிங் பவுடர் இன்னும் சுண்ணாம்பைச் சேர்த்து ஃபில்டரிலும் குழாயிலும் படிய வைக்கும். திரவத்தையே வாங்குங்கள், நிழலில் வையுங்கள். அது பிஎச்சைக் கூட்டும். குறைக்க ஆசிட் சேர்ப்பீர்கள். இரண்டையும் ஒரே வாளியில் கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். வெயிலில் குளோரின் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறையலாம் என்பதால் திறந்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சோதியுங்கள்.

தண்ணீருக்குப் பக்கத்தில் மணல் வேண்டாம். காலோடு வந்து ஃபில்டரை அடைக்கும். சொரசொரப்பான மணல்நிறப் பூச்சு போதும். ஜப்பானில் மியாசாகியின் ஓஷன் டோமில்கூட (1993–2007) கடல்மணலுக்குப் பதில் பொடித்த பளிங்குக்கல்லைத்தான் பரப்பினார்கள். மணல் கட்டாயம் வேண்டுமென்றால் தள்ளி வைத்து, நடுவே கால் கழுவும் தொட்டி கட்டுங்கள்.

இதில் பணத்தை மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் அடி வடிகால், அதாவது பம்ப் தண்ணீரை இழுக்கும் குளத்தின் அடித்தரை வாய். ஒரே வாய் இருந்தால் முடியையும் கையையும் பம்ப் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தள்ளித் தள்ளி இரண்டு வாயாவது வைத்து, குவிந்த மூடி போடுங்கள். மூடி உடைந்த அன்று குளத்தைப் பூட்டிவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டிலேயே ஒரு பெரிய வாட்டர் பார்க் வரக்கூடாதா?
– ஒரு மாணவி, ஏற்காடு

பதில்: 1,500 மீட்டர் உயரத்தில் ஆண்டில் பல மாதம் நனைந்த உடம்பு நடுங்கும், தண்ணீரைச் சூடாக்கும் செலவு கட்டாது. சமநிலமும் குறைவு. மலைக்கு ஏரியும் காப்பித் தோட்டமும் போதும்.

கேள்வி: லேசி ரிவரில் (டியூபில் மிதந்துபோகும் செயற்கை ஓடையில்) காற்றடைத்த கைப்பட்டை போட்டுக் குழந்தையைத் தனியே விடலாமா?
– ஒரு தந்தை, மேட்டூர்

பதில்: கூடாது. கைப்பட்டை விளையாட்டுப் பொருள்; கழன்றால் அவ்வளவுதான். ஆழம் மூன்றடிதானே என்று தோன்றும், ஆனால் ஓடும் தண்ணீர் சிறு குழந்தையின் காலைத் தரையில் ஊன்ற விடாது. எடைக்கேற்ற லைஃப் ஜாக்கெட்டைப் பார்க்கிலேயே கேட்டு வாங்குங்கள். தோளில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்: காதுவரை ஏறினால் பெரியது, வேறு கேளுங்கள். ஜாக்கெட் போட்ட பிறகும் டியூபுக்குப் பக்கத்திலேயே நடந்து வாருங்கள்.