மணல்மேடு, சவுக்குத் தோப்பு, நான்கு கிலோமீட்டர்: கேள்வி பதில்

அரியமான் கடற்கரையில் காலை நடைக்குக் கிளம்பும் நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டவை. கடலோரமாகப் போய், மணல்மேட்டைக் கடந்து, தோப்பு வழியே திரும்பும் சுற்று இது.

காரைக்குடியிலிருந்து: வழியைக் கொஞ்சம் விவரமாச் சொல்லுங்கண்ணே.

தேவகோட்டை, ராமநாதபுரம், பிறகு ராமேசுவரம் சாலை. உச்சிப்புளிப் பக்கம் இடது கையில் கடலை நோக்கித் திரும்ப வேண்டும். பயணத்துக்கு இரண்டரை மணி நேரம் வையுங்கள். நாலு மணிக்கு வண்டி எடுத்தால் ஆறரைக்கு நடக்கத் தொடங்கலாம்.

கடற்கரை வடக்கு பார்த்தது. மேற்கே நடங்கள், வெயில் முதுகில் விழும். அலை நனைத்துவிட்டுப் போன மணலில் கால் புதையாது. அதே தூரத்தைக் காய்ந்த மணலில் நடந்தால் உடம்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு உழைக்கும். ஈர மணலில் அரை மணி நேரம் போனால் இரண்டு கிலோமீட்டர். அங்கே மீனவர்கள் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை ஒன்றைப் பார்த்து, அதில் மட்டும் மேடேறி இறங்குங்கள். மேட்டில் படர்ந்த கொடி மேல் மிதிக்காதீர்கள். விரித்த வலையையும் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள்.

திரும்புவது தோப்பு வழியே, கிழக்கே. வரிசையாக நட்ட மரங்கள் என்பதால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். போகும்போது கடல் வலக்கை, வரும்போது இடக்கை. ஆடி மாதத்தில் அலை இரைச்சலை வைத்துக் கடல் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது, கடல் குளம் போலக் கிடக்கும். அப்போது மரத் தூருக்கு இடையே வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். வேலி போட்ட தோப்புக்குள் நுழைய வேண்டாம். நாலைந்து வருடத்தில் வெட்டுகிற விளைச்சல் அது.

கானாடுகாத்தானிலிருந்து: எந்த மாசம் தோது?

மாசி, பங்குனி. இது பெண்கடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அடங்கியிருக்கும். மன்னார் வளைகுடாவான ஆண்கடல் அப்போதுதான் கொந்தளிக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை தொடங்கியதும் கதை தலைகீழ். அலை மேட்டடி வரை ஏறும், நடக்க ஈர மணலே மிஞ்சாது. சுற்றில் பாதி அங்கேயே போய்விடும்.

பள்ளத்தூரிலிருந்து: எங்க ஆச்சிக்கு முழங்கால் வலி. நடப்பாகளா?

தோப்புப் பாதையில் மட்டும் ஒரு கிலோமீட்டர். கரை கடல் பக்கம் சரிவு, ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். முழங்காலுக்கு அது ஆகாது.

கோட்டையூரிலிருந்து: செருப்பா, ஷூவா?

மூடிய கேன்வாஸ் ஷூ. சவுக்குச் சருகு மெத்தை போலக் கிடக்கும், அடியில் சுருட்டை விரியன் கிடந்தால் தெரியாது. ஈர மணலில் வேண்டுமானால் கழற்றிக் கையில் பிடியுங்கள். தூண்டில் முள், கண்ணாடிச் சில்லு, கரை ஒதுங்கிய சொறி (ஜெல்லிமீன்) மூன்றையும் பார்த்து நடங்கள்.

தேவகோட்டையிலிருந்து: கொடியை மிதிக்காதேங்கிறீங்க. அது சும்மா முளைச்ச கொடிதானே?

அந்த அடம்பங்கொடிதான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. மணல் மூடினால் கணுவில் வேர்விட்டு மேலே வரும், மறுபடி மூடினால் மறுபடி வரும். மேடு வளர்வது அப்படித்தான். பக்கத்தில் குத்துகிற புல் இராவணன் மீசை. காற்றில் உருண்டோடும் முள்பந்து அதன் பெண் செடியின் கதிர். ஒரே தடத்தில் நாலு பேர் மிதித்துக் கொடி செத்தால் காற்று அந்த இடத்தில் வாய் திறக்கும், மணல் தோப்புக்குள் ஓடும்.

மறுபடி தேவகோட்டை: மேட்டைப் பிடிக்கச் சவுக்கு இருக்கே. 2004 சுனாமிக்கு அப்புறம் அதைத்தானே நட்டாங்க?

நட்டார்கள். மேட்டுக்குப் பின்னால் நட்டால் காற்றைத் தடுக்கும், விறகு தரும், வேர்முடிச்சில் நைட்ரஜன் சேர்த்து வெறும் மணலிலும் வளரும். கடலைப் பார்த்த முன்மேட்டில் நட்டால்தான் வம்பு. நிழலும் சருகும் அடம்பைக் கொல்லும், மணல் அம்மணமாகும். புயலலை அடியை அரித்ததும் மேலோட்டமாக வேர்விட்ட மரம் சாயும், கரை செங்குத்தாக அறுந்து நிற்கும். புயலில் கடல் எடுத்துப்போகும் மணலை அமைதிக் காலத்தில் அலையும் காற்றும் திருப்பித் தரும். அதை வாங்கிவைக்க அங்கே கொடி வேண்டும்.

கண்டனூரிலிருந்து: அப்ப நம்ம மரம் எது? எங்க அப்பச்சி காலத்துலேருந்து கரையெல்லாம் சவுக்குதானே?

சென்னை மாகாணக் கரையில் விறகுக்காக அதைப் பரப்பியது 19ஆம் நூற்றாண்டில். சங்கப் பாட்டின் நெய்தலில் அடும்பு உண்டு, தாழை உண்டு, புன்னையும் ஞாழலும் உண்டு, சவுக்கு இல்லை. இலை என்று நாம் நினைப்பதுகூட அதில் கணுக்கணுவான பச்சைக் குச்சிதான். நிஜ இலை அந்தக் கணுவில் செதிலாக ஒட்டியிருக்கும். கிள்ளிப் பாருங்கள்.

மறுபடி தேவகோட்டை: அப்ப வெட்டணும்கிறீங்க.

சொல்லவில்லை. முன்மேட்டில் புதிதாக நடாதீர்கள் என்றேன். வேர் பிடித்து நிற்பதை வெட்டினால் கொடி வந்து சேர்வதற்குள் மணல் ஓடிவிடும். இதை இத்தோடு விடுவோம், நடக்கிறவர்கள் காத்திருக்கிறார்கள்.

புதுவயலிலிருந்து: ஷூ போடணுமா?

கோட்டையூர்க்காரருக்குச் சொன்னதேதான்.

காரைக்குடியிலிருந்து: சீப்புச்சீடை, முறுக்கு கொண்டுபோகலாமா? தண்ணி எவ்வளவு?

ஆளுக்கு ஒரு லிட்டர். உப்புப் பலகாரம் நடக்கும்போது தாகம் கூட்டும், வண்டியில் இருக்கட்டும்.

செட்டிநாட்டிலிருந்து: பிள்ளைங்க சிப்பி பொறுக்கலாமா?

வெறும் சிப்பி நாலைந்து எடுக்கட்டும். பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை செத்து ஒதுங்கியிருந்தாலும் தொடக்கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை அவை.

தேவகோட்டையிலிருந்து, வேறொருவர்: கொடியில பூவா இருக்கே, நடுவுல நின்னு ஒரு போட்டோ...

பாதையில் நின்று எடுங்கள்.

கோட்டையூரிலிருந்து: வேட்டியோட நடக்கலாமாண்ணே? ஷூ இல்லாம?

வேட்டியை மடித்துக் கட்டி நடக்கலாம். ஷூவைப் பற்றி இன்னொரு தரம் எழுதமாட்டேன்.