முட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உயிர்வேதியியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய இருக்கிறேன். கொலம்பிய நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லொபேரா 2024-ல் இறந்தபோது நீங்கள் எழுதிய குறிப்பை இப்போதுதான் பார்த்தேன். பிறகு அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். ஒரே மரபணுப் பிறழ்வால் நாற்பதுகளிலேயே அல்சைமர் வரும் குடும்பங்களின் பின்னால் நாற்பது ஆண்டுகள் அலைந்திருக்கிறார். கடைசியில் மருந்துச் சோதனையும் தோற்றுப்போனது. வம்சாவளி வரைவது, ரத்தம் எடுப்பது, நினைவுத் தேர்வு வைப்பது எல்லாம் வெறும் கேள்வி கேட்கும் வேலை, யாரும் செய்யலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உண்மையான அறிவியல் மூலக்கூறு மட்டத்தில் அல்லவா நடக்கிறது?

எனக்கு அறிதிறன் (நினைவு, சிந்தனை) ஆய்விலும் இடம் கிடைத்திருக்கிறது, மூலக்கூறு ஆய்விலும் கிடைத்திருக்கிறது. எதில் சேரலாம்? இன்னொன்று. என் அம்மாவுக்கு 72 வயது. அல்சைமர் என்று போன மாதம் சொல்லிவிட்டார்கள். எனக்கும் ஐம்பது விழுக்காடு வாய்ப்பா? இப்போதே சோதித்துப் பார்த்துவிட வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

அம்மாவைப் பற்றிய செய்தியை ‘இன்னொன்று’ என்று கடைசியில் ஒட்டியிருக்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் மேலே அவ்வளவையும் எழுதினீர்கள் என்று படுகிறது. மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த ஐம்பது விழுக்காட்டை முதலில் தூக்கிப் போடுங்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிறழ்வு வந்தாலே அநேகமாக நோயும் வந்துவிடும் என்கிற வகை, மொத்த அல்சைமரில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அது பெரும்பாலும் 65-க்கு முன்பே, தலைமுறைதோறும் தலைகாட்டும். எழுபதுக்கு மேல் வருவது பொதுவாக வேறு கணக்கு. பிள்ளைகளுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும், ஆனால் காசு சுண்டிப் பார்க்கிற விஷயம் அல்ல. சோதனை வேண்டுமா வேண்டாமா என்பதை ஒரு மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு இணையத்தைத் துழாவி முடிவெடுக்காதீர்கள்.

மருந்து தோற்றதைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிரெனெசுமாப் என்ற மருந்து, 252 பேர், 2013-ல் தொடங்கி 2022-ல் பலனில்லை என்று தெரிந்தது. மருந்துகள் தோற்கும். நான் அதில் கவனித்தது வேறு. அந்த 252 பேரில் மூன்றில் ஒரு பங்கு பிறழ்வே இல்லாதவர்கள். அவர்களுக்கும் ஊசி போட்டார்கள், உள்ளே மருந்து மட்டும் இல்லை. சோதனையில் சேர்ந்தவர் என்பதை வைத்து ‘இவருக்கு இருக்கிறது’ என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது, அவரேகூடக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக. உங்கள் கடைசிக் கேள்விக்கு அந்தக் குடும்பங்கள் எவ்வளவு மரியாதை கொடுத்தன என்று பாருங்கள்.

சரி, ‘வெறும் கேள்வி கேட்கும் வேலை’ என்றீர்களே, அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. இரண்டு நாளாக அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. இன்னும் ஆய்வகத்துக்குள் காலே வைக்கவில்லை, அதற்குள் எது உண்மையான அறிவியல் என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்!

என் பெரியம்மாவின் முழங்கால் வலிக்காக ஒரு மருத்துவரிடம் போயிருந்தோம். அவர் என்ன நினைத்தாரோ, ‘இது என்ன மாசம்மா?’ என்று கேட்டார். பெரியம்மா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ‘ஏன் டாக்டர், உங்க மேஜையிலே காலண்டர் இல்லையா?’ என்றார். எல்லோரும் சிரித்தோம், மருத்துவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவே பெரியப்பா, இருமுவது போல, ‘செப்டம்பர்’ என்றார். ‘செப்டம்பர்தானே’ என்றார் பெரியம்மா. அடுத்த கேள்விக்கு நானே பின்னால் நின்று உதட்டை அசைத்தேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் தோற்றுவிடக் கூடாது என்று இருந்தது. நாலு நிமிடத்தில் எல்லாம் சரியாக இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

தொலைபேசியிலும் அப்படித்தான். பெரியம்மா ‘அந்தப் பொண்ணுக்கு...’ என்று ஆரம்பிப்பார், பக்கத்திலிருந்து பெரியப்பா பேரைச் சொல்வார். ‘அந்த ஊர்லே...’ என்பார், பெரியப்பா ஊரைச் சொல்வார். நாற்பது வருடத் தாம்பத்தியம் இப்படித்தான் பேசும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பெரியப்பா திடீரென்று போய்விட்டார். பத்து நாள் கழித்து நான் கூப்பிட்டபோது பெரியம்மா ‘ம், சொல்லு’ என்றார். பிறகு ஒன்றுமில்லை. நான் பேசப் பேச ‘ம், சொல்லு’ மட்டும். எதிர்முனையில் யார் என்று அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் புரியவே நேரமாயிற்று.

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். சுவர் எப்போதோ சாய்ந்திருந்தது. முட்டுக்கொடுத்த மனிதர் நகர்ந்ததும்தான் எங்கள் கண்ணுக்குப் பட்டது.

நோயாளி மறைப்பார், குடும்பம் மறைக்கும், கேட்கிறவரும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். இத்தனையையும் தாண்டி ஒரு உண்மையான ‘தெரியவில்லை’யை வாங்குவதுதான் நீங்கள் ‘யாரும் செய்யலாம்’ என்று சொன்ன வேலை.

1980-களின் தொடக்கத்தில் லொபேரா பயிற்சி மருத்துவர். நாற்பதுகளிலேயே நினைவு தப்பிய ஒருவரைப் பார்க்கிறார். விசாரித்தால் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அதேதான். கொலம்பியாவின் மெடலின் நகரைச் சுற்றிய அந்தியோக்கியா மாநில மலையூர்களில் அதற்கு ‘லா போபேரா’ என்று பெயரே இருந்தது. அசட்டுத்தனம் என்று சொல்லலாம். ஏதோ மரத்தைத் தொட்டதால் வந்தது, பாதிரியாரின் சாபம் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். லொபேராவின் குழு வீடு வீடாகப் போனது, தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டியது. கெரில்லாக்களும் போதைமருந்துக் கும்பல்களும் மோதிக்கொண்டிருந்த காலம். ரத்த மாதிரி எடுக்கப் போன செவிலியர் லூசியா மத்ரிகாலைக் கெரில்லாக்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். 1995-ல் பிறழ்வு பிடிபட்டது: பிரிசெனிலின்-1 மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. கிளைகளெல்லாம் சேர்த்து அந்தக் குடும்பம் சுமார் 6000 பேர்.

அவர்கள் வைத்த தேர்வுகளில் ஒன்றைச் சொல்கிறேன். பத்து அட்டைகள், அட்டைக்கு ஒரு சொல். எதிரில் இருப்பவர் ஒவ்வொன்றாக உரக்கப் படிக்க வேண்டும். முடிந்ததும், ‘ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள்.’ பிறகு அட்டைகளின் வரிசையை மாற்றி மறுபடியும், அப்புறம் மூன்றாம் முறையும். நடுவில் வேறு வேலை கொடுத்துவிட்டுச் சில நிமிடம் கழித்து, ‘அந்தச் சொற்கள்?’ அவ்வளவுதான். கேட்கிறவர் எடுத்துக்கொடுக்கக் கூடாது. புருவத்தைத் தூக்கக் கூடாது. ஏழாவது சொல்லுக்காக ஒருவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சும்மா இருக்க வேண்டும். நான் உதட்டை அசைத்தவன். அந்தச் சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

இதை ஒரே ஆட்களிடம் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்டதால்தான், பிறழ்வு உள்ளவர்களுக்கு ஏறத்தாழ 44 வயதில் லேசான தடுமாற்றமும் 49-ல் மறதிநோயும் வருகின்றன என்று சொல்ல முடிந்தது. மூளையில் அமிலாய்டு (அல்சைமரில் சேர்ந்து படியும் புரதம்) படியத் தொடங்குவது சுமார் 28 வயதில் என்று ஸ்கேனில் பார்த்தபோது, நடுவில் இருக்கும் பதினாறு ஆண்டுகளுக்கு ஒரு பொருள் கிடைத்தது.

லொபேராவிடம் படித்துவிட்டு பாஸ்டனுக்குப் போன யாக்கீல் கிரோஸ் 2010-ல் ஒன்றைக் காட்டினார். முப்பதுகளில் இருக்கும், நோய் இன்னும் தொடங்காத ஆட்கள். முகத்தையும் பெயரையும் சேர்த்து மனதில் வைக்கச் சொன்னபோது பிறழ்வு உள்ளவர்களின் ஹிப்போகாம்பஸ், அதாவது நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதி, மற்றவர்களுடையதைவிட அதிகமாக வேலை செய்தது. நினைவுத் தேர்வில் மதிப்பெண் மட்டும் மற்றவர்களைப் போலவே. பழுதை ஈடுகட்டத்தான் மூளை இப்படி உழைக்கிறது என்று ஒரு விளக்கம், இந்த மிகை உழைப்பே பழுதின் முதல் குறி என்று இன்னொரு விளக்கம். எது சரியோ, படித்தபோது எனக்குத் தெரிந்தது பெரியப்பாவின் இருமல்தான்.

மூலக்கூறுதான் அறிவியல் என்றீர்கள். அலிரியா என்ற பெண்மணியைத் தெரியுமா? அதே பிறழ்வு. மூளை நிறைய அமிலாய்டு. ஆனால் எழுபதுகள் வரை நினைவு பெரிதாகத் தப்பவில்லை. அல்சைமர் வாய்ப்போடு தொடர்புள்ள ஏபிஓஈ மரபணுவில் கிறைஸ்ட்சர்ச் என்ற அரிய மாறுபாட்டின் இரண்டு பிரதிகள் அவரிடம் இருந்தன என்று 2019-ல் வெளியிட்டார்கள். மூலக்கூறுக்காரர்கள் இன்று அதைப் பிடித்துக்கொண்டு மருந்து தேடுகிறார்கள். தேடட்டும், நல்லது. ஆனால் நாற்பத்து நாலில் தடுமாற வேண்டியவர் தடுமாறவில்லை என்பது எப்படித் தெரிந்தது? அந்தக் குடும்பத்தின் கிளை ஒவ்வொன்றிலும் யார் எந்த வயதில் எதை மறந்தார் என்று ஒரு கூட்டம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருந்தது. அது இல்லாவிட்டால் அவர் ஞாபகசக்தி நன்றாக இருக்கும் ஒரு பாட்டி, அவ்வளவுதான். 2020-ல், 77 வயதில் இறந்தார். மூளையை ஆய்வுக்குக் கொடுத்தார்கள்.

எந்தத் துறையில் சேரலாம் என்று கேட்டிருந்தீர்கள். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது களைப்பாக இருக்கிறது.

உங்கள் அப்பா அம்மாவோடு இருக்கிறாரா? அதை எழுதவில்லையே. இருந்தால் அம்மா பேசும்போது அவர் எங்கெங்கே சொல் எடுத்துக்கொடுக்கிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். தடுக்காதீர்கள், அவரிடம் அதைச் சொல்லவும் வேண்டாம். அடுத்த முறை மருத்துவர் அம்மாவிடம் கேள்வி கேட்கும்போது மட்டும் அவரைக் காபி குடிக்க வெளியே கூட்டிக்கொண்டு போங்கள்.