நாலு சுவர் போதுமா?

கேள்வி: அரசு கட்டித்தரும் வீட்டுக்குப் போய்க் கட்டடக் கலை, தரம் என்றெல்லாம் எழுதுகிறீர்களே? ஏழைக்கு நாலு சுவரும் ஒரு கான்கிரீட் தளமும் போதாதா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: போதாது. சித்திரை மாதம் பிற்பகல் 3 மணிக்கு அப்படிப்பட்ட வீடொன்றில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம், இரவில் அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வாசலில் வந்து படுப்பாள். சிமென்ட், கம்பி எல்லாம் கணக்குப்படிதான் போட்டிருப்பார்கள். ஆனால் எதிரெதிரே சன்னல் இருக்காது, மேற்குச் சுவருக்கு நிழல் இருக்காது. சன்னலை இடம் மாற்றி வைக்க என்ன செலவு? வரையும்போதே யோசிக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

தரம் என்றாலே செலவு என்பதைப் பக்கத்துக் கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பொய்யாக்கிக் காட்டினார். தொழுநோயாளிகளுக்கான கட்டட வேலைக்காக 1945-இல் இங்கிலாந்திலிருந்து இந்தியா வந்தவர், 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் அதன் நீண்ட விளிம்பில் நிறுத்தி, நடுவே காலியிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். ‘ரேட் ட்ராப்’ (எலிப்பொறி) கட்டு என்பார்கள். ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். கூரைத் தளத்தின் அடிப்பகுதியில் இழுப்பைத் தாங்குவது கம்பிதான், கான்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமை. அந்த இடத்தில் ஓடுகளை வைத்து வார்த்தார். சுவருக்குப் பூச்சும் பெரும்பாலும் கிடையாது. பின்னே, வேலை சுத்தமாக இருந்தால் எதை மறைக்கப் பூச வேண்டும்?

திருவனந்தபுரம் ரயில் நிலையத்தில் இறங்கினால், தம்பானூர் இந்தியன் காபி ஹவுசுக்கு ஒருமுறை போய் வாருங்கள். சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை, அதன் ஓரமாகவே கட்டப்பட்ட மேசைகள், செங்கல் இடுக்குகள் வழியே காற்றும் வெளிச்சமும். பேக்கர் கட்டியதுதான். அங்கே காபி குடிப்பவர்கள் சாமானியர்கள்.

ஊட்டிக் குளிருக்கும் ராமநாதபுரம் வெயிலுக்கும் ஒரே வரைபடம் எப்படிப் பொருந்தும்? அதில் குடியிருக்கப் போகிறவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்கிறார்களா? நீங்களாவது கேளுங்கள். அடுத்த கிராம சபையில், உங்கள் ஊருக்கு வரவிருக்கும் வீடுகளின் வரைபடத்தை மேசையில் விரிக்கச் சொல்லுங்கள். காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறும் என்று பொறியாளர் விரல் வைத்துக் காட்டட்டும். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.